இந்த வாரம் குறை ஏதும் இல்லை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். கிழக்குப் பார்த்த சோபாவில் மாப்பிள்ளையின் அம்மா பங்கஜம். அவருக்கு இடப்பக்கம் அவர் தம்பி ஆறுமுகநயினார். சோபாவை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை ராம்குமார். எதிரே டிவிக்குப் பக்கத்து முக்காலியில் மாணிக்கவாசகம். சமையலறை நிலையில் சாய்ந்தபடி, உட்காரவும் மனமில்லாமல் நிற்கவும் முடியாமல் அவர் மனைவி ஜெயபாரதி. ஜமுக்காளத்தில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பெண் சிந்து.

நாலு பேர் கூடினால், யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் நடந்ததை எழுத வேண்டும் என்பது ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாணிக்கவாசகம் படித்த பாடம். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கடிதப் போக்குவரத்து பார்த்ததில் அது சுவாசம் மாதிரி ஆகிவிட்டது. மனசுக்குள் ஆறு பெயரையும் வரிசையாக எழுதி முடித்தார். ஏழாவது பெயரை எழுதவில்லை.

ஏழாவது ஆள் அவர் மகன் நிரஞ்சன். நடையின் கடைசி அறையில் இருந்தான். கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. சாவி மாணிக்கவாசகத்தின் சட்டைப்பையில், பேனாவோடு.

அந்தக் கதவில் ஒரு தட்டல் கேட்டது.

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணினா மட்டும் தட்டுடா" என்று மத்தியானம் அவர்தான் சொல்லியிருந்தார். ஆனால் விரல் கணு மரத்தில் பட்டால் வருகிற சத்தம் இது இல்லை. ஈரத்துணியைச் சுருட்டிக் கதவில் வைத்து, பிறகு மெல்ல உரித்து எடுத்தது போல இரண்டு பகுதியாக வந்தது. வைக்கிற சத்தம் ஒன்று. உரிக்கிற சத்தம் ஒன்று.

பங்கஜம் தலையை உயர்த்தினார். "மேல ஏதும் வேலை நடக்கா?"

"டைல்ஸ் மாத்துதாங்க மதினி. ஒரு வாரமா இதே கூத்து" என்றார் மாணிக்கவாசகம். பொய் தடையில்லாமல் வந்ததில் அவருக்கே காது சுட்டது.

"எங்க மாடியில ஒருத்தன் கட்டிலை இழுத்து இழுத்துப் போடுவான்" என்றார் ஆறுமுகநயினார். "மெட்ராஸ்ல தலைக்கு மேல மனுசனை வச்சுக்கிட்டுல்லா வாழுதோம். கோயில்ல சாமிக்குக்கூட இந்தத் தொந்தரவு கிடையாது அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். சிந்து மட்டும் சிரிக்கவில்லை. அவள் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"பையன் பெங்களூர்லன்னீங்க" என்று பங்கஜம் ஆரம்பித்தார். "ஒரே தங்கச்சி. பொண்ணு பாக்க வாரோம்னா அண்ணங்காரன் வந்து நிக்க வேண்டாமா?"

"புதுக் கம்பெனி மதினி. லீவு கேக்க முடியல."

"அதனால என்ன, வீடியோ கால் போட்டா போச்சு" என்று ராம்குமார் போனை எடுத்தான். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த பையன். வீட்டு நகைக்கடையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். முகத்தில் கள்ளம் கிடையாது. "நம்பர் சொல்லுங்க சார், ஒரு ஹாய் சொல்லிடறேன்."

"இப்ப மீட்டிங்ல இருப்பான்" என்றாள் சிந்து. அவள் அன்று பேசிய முதல் வார்த்தை அது. பொய்யைத்தான் முதலில் பேசினாள்.

அப்போது இரண்டாவது தட்டல். முன்னைவிட மெல்லியது, முன்னைவிடக் கீழே.

மாணிக்கவாசகம் எழுந்து, வெக்கையாக இருக்கிறது என்று சொல்லி, மின்விசிறியை ஐந்தில் வைத்தார்.

இருபத்துநாலு வருஷமாக அவர் காது அந்தப் பிள்ளைக்கென்றே இருந்தது. ரத்தம் உறையாத நோய். தவழும் வயதில் முட்டி வீங்கியபோது தெரிந்தது. அதன்பிறகு இந்த வீட்டில் கத்திக்கு உறை, கட்டில் முனைக்குப் பஞ்சு, குளிர்பெட்டியில் எப்போதும் நாலு ஐஸ் பை. விழுகிற சத்தம், விழாமல் இடித்துக்கொள்கிற சத்தம், மூக்கிலிருந்து வாஷ்பேசினில் சொட்டுகிற சத்தம் என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்வார். ரத்தத்தின் மணம் அலுவலகத்துக் காகிதக் கட்டுகளில்கூட இருப்பதாகத் தோன்றும். இது தாய் வழியில் வருகிற நோய். ஜெயபாரதியின் தம்பி பத்தொன்பது வயதில் பல் பிடுங்கிக்கொண்டு வந்து மூன்று நாள் ரத்தம் நிற்காமல் செத்தான். ஊருக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். சிந்துவுக்கு நோய் இல்லை. ஆனால் அவள் பெறப்போகும் பிள்ளைக்கு வரலாம். அதற்கொரு பரிசோதனை உண்டு. அதை அவர்கள் செய்யவில்லை. செய்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டியிருக்கும்.

நாலு மாதத்துக்கு முன்னால், அடையாறு பக்கம் ஓர் ஆய்வு மையத்தில் நிரஞ்சனின் வயிற்றுக்குள் அந்த உருண்டைகளை வைத்தார்கள். மனித உயிரணுக்களின் மரபணுவை மாற்றி, ரத்தம் உறைவதற்கு அவனிடம் இல்லாத புரதத்தை ஓயாமல் சுரக்கும்படி செய்து, கூழ் போன்ற மணிகளுக்குள் அடைத்தவை. பார்ப்பதற்கு ஊறவைத்த ஜவ்வரிசி. தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னத் துளை, அரை மணி நேரம், அவ்வளவுதான். "ஒவ்வொண்ணும் ஒரு குட்டித் தொழிற்சாலை அங்கிள், லீவே எடுக்காது" என்றாள் அங்கே நோயாளிகளைக் கவனிக்கும் தபஸ்ஸும்.

"வயித்துக்குள்ள மூணு ஷிப்ட் ஓடுதுப்பா. தீபாவளிக்கு போனஸ் கேட்டா நான் பொறுப்பில்ல" என்று நிரஞ்சன் சிரித்தான்.

முதல் இரண்டு மாதம் வீட்டில் திருவிழாதான். இடித்துக்கொண்டான், வீங்கவில்லை. சவரம் செய்தான், ஒரு பொட்டு ரத்தம் வந்து நின்றது. ஜெயபாரதி குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் பைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மல்லிகைப்பூ வைத்தாள். அந்தச் சந்தோஷத்தில்தான் ராம்குமார் வீட்டு ஜாதகம் வந்தது.

ஒன்பதாம் வாரம் சவரக்கத்தி ஆழமாகவே வெட்டியது. ரத்தம் வரவில்லை. வெட்டின் இரண்டு உதடும் திறந்திருந்தன. உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. அது வெளியே வருவதாக இல்லை. பதினோராம் வாரம் அவன் கட்டில் பக்கத்தில் வைத்திருந்த பால் டம்ளருக்குள் தயிர் போலக் கட்டி நின்றது. புளிக்கவில்லை. கவிழ்த்தாலும் விழவில்லை. பன்னிரண்டாம் வாரம் அவன் படியில் நின்று நின்று ஏறினான். வயிற்றைத் தொட்டுப் பார்த்த மாணிக்கவாசகத்தின் உள்ளங்கைக்குக் கீழே மணிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி, அந்த இடம் மட்டும் அடுப்படிச் சுவர் மாதிரி சுட்டது.

வாரம் ஒருமுறை மையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மற்றவர்கள் போனில் அனுப்பினார்கள். போன் யார் கண்ணிலாவது படும் என்று, தபால்பெட்டி எண்ணுக்குக் கடிதமாக அனுப்ப மாணிக்கவாசகம் தனியாக அனுமதி வாங்கியிருந்தார். ஒரு குறை எழுதினால் மறுநாளே மையத்து வேன் வாசலில் வந்து நிற்கும். கையுறை போட்ட நாலு பேர் படியேறி வருவார்கள். பங்கஜம் வீடோ இரண்டு தெரு தள்ளி, ஆழ்வார்பேட்டை முனையில். அதனால் ஒன்பதாம் வாரமும் பதினோராம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் அழகான கையெழுத்தில் ஒரே வரியைத்தான் எழுதினார்.

நேற்றுகூடத் தபஸ்ஸும் பேசினாள். "அங்கிள், எதுவும் மறைக்கலையே? முதல் ஆள் உங்க பையன்தான். நீங்க எழுதறதை வச்சுத்தான் அடுத்த ஆறு பேருக்கு வைக்கப்போறாங்க. திங்கட்கிழமை ரெஹானுக்கு."

ரெஹானை அவருக்குத் தெரியும். ஐஸ் ஹவுஸ் பக்கத்துப் பையன். ஒரே வார்டில் ஒரே ஐஸ் பையை நிரஞ்சனோடு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவன். "ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் அவளுக்கும் சொன்னார்.

மூன்றாவது தட்டல் மின்விசிறிச் சத்தத்துக்குள் எங்கோ கேட்டது. கேட்டதா என்று சந்தேகமாகவும் இருந்தது. அவர் இருமினார். அதை மூடுவதற்காகத்தான் இருமினார் என்பது அவருக்குத் தெரிந்தது.

"மனசுல வச்சுக்கிடாதீங்க, எல்லாரும் கேக்கதுதான்" என்று பங்கஜம் குரலைத் தாழ்த்தினார். "உங்க ரெண்டு பக்கத்துலயும் சீக்கு கீக்கு ஏதும் உண்டா? மறைக்காம சொல்லிட்டா நமக்குள்ள ஒண்ணுமில்ல."

ஜெயபாரதி தரையைப் பார்த்தாள். அந்த அம்மாள் கேட்ட விதத்தில் ஈரம் இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று மாணிக்கவாசகத்துக்கு ஒரு கணம் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணும் கிடையாது மதினி. எங்க அப்பா எண்பத்தாறு வரைக்கும் இருந்தாக."

பங்கஜம் நிம்மதியாகச் சாய்ந்தார். "அப்பம் நல்ல நாளாப் பாத்துருவோம். மூணு வாரத்துல ஒரு முகூர்த்தம் இருக்கு."

"என்னங்க, செத்த உள்ள வாங்க" என்று ஜெயபாரதி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால் பாத்திரம் அதன் மேல் இருந்தது. பொங்கி எழுந்த பால், எழுந்த நிலையிலேயே நின்றிருந்தது. விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாகக் குவிந்து, குமிழிகள் உடையாமல். அவள் பிடிதுணியால் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே லேசாக அதிர்ந்தது.

"காலையிலருந்து மூணாவது பாக்கெட்டு. பூத்துக்காரன் வேற, 'இன்னா சார், பால்லயே குளிக்கிறீங்களா'ன்னு கேட்டான்னீங்களே." பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். "கடுங்காப்பி குடுத்தா என்ன நினைப்பாக?"

அவள் காப்பியைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் கண் நடையின் கடைசிக் கதவில் இருந்தது.

"மூணு தடவை தட்டினான்" என்றார் அவர்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கூடத்துக்கு வந்து, "இன்னைக்குத் தபால்ல சேக்க வேண்டிய கடுதாசி ஒண்ணு. அஞ்சே நிமிசம்" என்றார்.

"இந்தக் காலத்துல கடுதாசியா!" என்று ஆறுமுகநயினார் தொடையில் தட்டினார். "ஏல ராமு, மாமனார் வீட்டுல புறா வளக்காகளான்னு கேளு."

சிரிப்புச் சத்தம் முதுகில் பட, நடையில் நடந்தார். பன்னிரண்டு அடி. சாவி பூட்டுக்குள் திரும்ப மறுத்தது. பூட்டுக்குள் எண்ணெய் உறைந்தது போல. பலங்கொண்ட மட்டும் திருப்பினார். கதவு உள்ளே திறந்தது. பாதிதான். எதையோ இழுத்துக்கொண்டு திறந்தது.

உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார்.

மணம் இல்லை. அந்த அறையில் எப்போதும் ஸ்பிரிட் மணமோ ரத்த மணமோ தைல மணமோ இருக்கும். இப்போது எதுவும் இல்லை. மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

நிரஞ்சன் கதவை ஒட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கை கதவுப்பக்கம் நீட்டியபடி. விரல்களை மடக்கியபடி. கையைக் கீழே இறக்கவில்லை.

கதவின் உட்புறத்தைப் பார்த்தார்.

கூடத்தில் கேட்டது மூன்று தட்டல். கதவில் பதினோரு தடம். மேலிருந்து கீழாக. ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தாழ்வாக. எதுவும் வழியவில்லை. சிவப்பாக, உருண்டையாக, பளபளவென்று மரத்தில் நின்றன.

"நிரஞ்சா."

கண் மட்டும் திரும்பியது. மெதுவாக. கனமான ஒன்றை நகர்த்துவது போல.

அவன் கையை எடுத்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டார். கணுக்களில் தோல் கிழிந்திருந்தது. குளிர்ச்சி. மேலே வழுவழுப்பாக ஒரு படலம்.

"போயி... ட்டாங்களா?"

"இல்லப்பா."

"சரி... யாச்சா?"

"முகூர்த்தம் பாக்கப் போறாக. மூணு வாரத்துல."

அவன் சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதிவரை வந்தது. நின்றது. பிறகு போகவே இல்லை. கண்ணிலிருந்து ஒரு துளி புறப்பட்டுக் கன்னத்தின் நடுவில் நின்றுவிட்டது. மாணிக்கவாசகம் சுண்டுவிரலால் துடைத்தார். அது அசைந்தது. அழியவில்லை.

போனை எடுத்தார். தபஸ்ஸுமின் எண் திரையில் இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் நின்றது. ஒரு தொடுதல். சைரன். ஸ்ட்ரெச்சர் இந்த நடை வழியாகத்தான் போக வேண்டும். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே. பங்கஜத்தின் காலை உரசிக்கொண்டு. பெங்களூரில் இருக்கிற பையன்.

கூடத்தில் சிந்து சிரிப்பது கேட்டது. மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"எழுது... ங்க" என்றான் நிரஞ்சன். உதடு அசையவில்லை. உள்ளேயிருந்து வந்தது. "மூணு... வாரம்... தானே."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

வைத்த அந்தக் கணத்தில் தான் யார் என்பது மாணிக்கவாசகத்துக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகும் கை மேசைக்குப் போனது. படிவத்தை இழுத்தது. தேதி போட்டது. இடம்: அபிராமபுரம். வாரம்: பதினாறு.

ரெஹான் நினைவுக்கு வந்தான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நிரஞ்சன் பாய் எப்படி இருக்காரு அங்கிள், நடக்கிறாரா?" என்று கேட்ட முகம். பேனா நின்றது. ஒரு மூச்சு. இரண்டு.

எழுதினார். பங்கேற்பவர் நன்றாக உண்கிறார், நன்றாக உறங்குகிறார். இந்த வாரம் குறை ஏதும் இல்லை.

எழுத்து எப்போதும் போல அழகாக வந்தது. ஒரு சுழி பிசகவில்லை.

ஒற்றைக் கையால் மடித்தார். உறையில் போட்டார். ஓரத்துப் பசையை நாக்கால் ஈரமாக்கி, தொடையில் வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது.

வெளியே நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புச் சத்தம். ராம்குமாரின் குரல் நடைவரை வந்தது. "ஆன்ட்டி, லெட்டர் முடிஞ்சிருந்தா குடுக்கச் சொல்லுங்க. எதிர்லயே போஸ்ட் பாக்ஸ் கீது, போட்டுட்டுப் போறேன்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, உரக்க, "நான் போட்டுடறேன் மாமா."

அன்றுதான் முதல்முறை அவரை மாமா என்றான்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஜெயபாரதியின் கை உள்ளே வந்தது. கை மட்டும். முகம் வேறு பக்கம் திரும்பியிருப்பது வளையல் கதவில் உரசிய கோணத்தில் தெரிந்தது. "குடுங்க" என்றாள். அவன் எப்படி இருக்கான் என்று கேட்கவில்லை. அவர் உறையை அந்த விரல்களில் வைத்தார். கை போய்விட்டது.

ஜன்னலுக்குப் போக எழுந்தார். இடது கை வரவில்லை.

இழுத்தார். சுழல் நாற்காலி அவர் பின்னாலேயே உருண்டு வந்தது. சத்தமில்லாமல். அதில் நிரஞ்சன் பாதிச் சிரிப்போடு.

கீழே தெருவில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. ராம்குமார் தெருவைக் கடந்தான். சிவப்புப் பெட்டியின் வாயில் கடிதத்தை நுழைத்தான். உள்ளே போய்விட்டதா என்று விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தான். பொறுப்பான பையன். திரும்பி, இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

மாணிக்கவாசகம் வலது கையை உயர்த்தினார்.

இடது கையைக் குனிந்து பார்த்தார். மகனின் கணுவும் தன் விரல்களும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. ஒரே பளபளப்பு எல்லாவற்றையும் மூடி, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. நிரஞ்சனின் நெஞ்சு அசையவில்லை. பனியனுக்கு அடியில் வயிறு மட்டும் ஏறி இறங்கியது. அந்தத் தாளத்தில், மெதுவாக, அவருடைய நாடி துடிக்கத் தொடங்கியிருந்தது.